விளக்கெண்ணெய் தொடாத வெள்ளி

வேப்பங்கரிசலில் பட்டாசு ஆலைக்குப் போகிற பெண்கள் எல்லோரும் சேலைக்கு மேலே புருஷனுடைய பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் போவார்கள், சாயங்காலம் அந்தச் சட்டையோடு வீட்டுக்குள் நுழையமாட்டார்கள், கொல்லையில் துவைகல்லுக்குப் பக்கத்தில் நின்று கழற்றி உதறி ஆணியில் மாட்டிவிட்டு, தேங்காயெண்ணெயைத் தலையிலிருந்து கால்வரை தேய்த்துக் குளித்து, அதற்குப் பிறகும் காது மடலிலும் நகக்கண்ணிலும் ஒட்டியிருக்கிற வெள்ளியோடு அடுப்புக்கு முன்னால் வந்து உட்காருவார்கள். மத்தாப்புக்கும் வாணத்துக்கும் வெளிச்சம் கொடுக்கிற அலுமினியப் பவுடர் அது, அதனால் எங்கள் ஊர்க் கொல்லைச் சுவர்கள் நிலா இல்லாத நாளிலும் கொஞ்சம் மினுங்கும்.

சீனிக்கனிக்கு அப்படி இரண்டு சட்டைகள் இருந்தன. ஒன்று அவளோடு போயிற்று. அவளோடும், குருவம்மாளோடும், ஆவுடைத்தாயோடும், இன்னும் நான்கு பேரோடும், கிழக்கே இருக்கிற ஆலையின் மருந்து அறையில், ஒரு வியாழக்கிழமை காலை டீ குடித்து முடித்த கொஞ்ச நேரத்தில் போயிற்று. இன்னொன்று ஆணியில் தொங்கியது. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் வீட்டைக் கழுவிவிட்டு, கொல்லைச் சுவருக்கும் சேர்த்துச் சுண்ணாம்பு அடித்து, அவளுடைய சேலைகளையும் சீப்பையும் தலையணையையும் அப்புறப்படுத்திவிட்டுப் போனார்கள். அந்தச் சட்டையை மட்டும், ஆண்சட்டைதானே, அழகுவேலுடையதாக இருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

அழகுவேல் அவள் புருஷன். மதுரையில் என்.சி.சி. விமானப் பிரிவில், கல்லூரிப் பையன்களுக்குச் சின்ன விமானங்கள் செய்தும் பறக்கவிட்டும் காட்டுகிற உத்தியோகத்தில் இருந்து, முதுகு வலி தாங்காமல் முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவன். ஊரில் அவனுக்குப் பிளேன்காரன் என்று பெயர். அவன் வீட்டு உத்தரத்தில் ஆறடி இறக்கையோடு ஒரு விமானம், பால்சா என்கிற எடையில்லாத கட்டையில் செய்து, மெல்லிய பட்டுத்துணி ஒட்டி, வர்ணம் அடிக்காமல் தொங்கிக்கொண்டிருந்தது. என்ன வர்ணம் என்பதில் புருஷன் பெண்டாட்டிக்குள் முடிவாகாமல் இருந்தது. அவன் பச்சை என்றான். அவள், "பச்சை அடிச்சா கிளின்னு நெனச்சுக் கல்லெறிவானுக. வெள்ளியா அடிங்க," என்று சொல்லிவிட்டுத்தான் அந்த வியாழக்கிழமை பஸ்ஸுக்குப் போனாள்.

காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு அழகுவேல் அந்தச் சட்டையைச் செய்தித்தாள் மேல் விரித்து, பிரம்பால் தட்டித் தட்டி, தையல் மடிப்புகளைப் பிரித்துத் தட்டி, காலரைத் திருப்பித் தட்டி, ஒரு உள்ளங்கை அளவு வெள்ளி எடுத்தான். அதைக் கிளியர் என்கிற நிறமில்லாத பெயிண்டில் குழைத்து விமானத்துக்கு அடித்தான். மூக்கிலிருந்து வால்வரை ஒரு பூச்சுக்குத்தான் வந்தது. இன்னொரு பூச்சுக்கு வெள்ளி இல்லை, ஊரில் வேறெங்கும் சீனிக்கனி உதறியது மிச்சமில்லை.

நான் அப்போது வெளிநாட்டு வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அழகுவேலும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. இன்ஜினைக் கிளப்பும்போது யாராவது வாலைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதால் என்னைக் கூப்பிட்டான். வறண்டு கிடந்த கண்மாய்க்குள் வைத்துக் கிளப்பினோம். அது காது கிழிகிற சத்தத்தோடு ஓடி, எழும்பி, கருவேலங்காட்டுக்கு மேலே வட்டமடித்தது. எரிபொருளில் கலந்திருந்த விளக்கெண்ணெய் எரிந்த வாசனை கண்மாய் முழுக்கப் பரவியது. தொட்டியில் எரிபொருள் தீர்ந்ததும் இன்ஜின் நின்றது. சத்தமெல்லாம் அடங்கி, விமானம் காற்றில் சறுக்கிக்கொண்டு இறங்க ஆரம்பித்தபோது, மேலே இருந்து சீனிக்கனி பேசினாள்.

"ஏழரை பஸ்ஸுல இன்னிக்கு ஒரே கூட்டம். நிக்க எடமில்ல. கண்டக்டர் என்னடான்னா உள்ள போம்மா, உள்ள போம்மாங்கான். உள்ள எங்க போக, டிரைவர் மடியிலயா? குருவம்மா தூக்குச்சட்டிய வச்சு எந்தலையில ஒரு இடி இடிச்சா பாரு. கேட்டா சிரிக்கா."

விமானம் தரையைத் தொட்டதும் பேச்சு நின்றது. கண்மாய்க்குள் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த வெள்ளத்தாய், அவள் ஆவுடைத்தாயின் மாமியார், கம்பை ஊன்றிக்கொண்டு வந்தாள்.

"ஏய்யா, சீனிக்கனி சத்தமில்ல இது?"

"ஆமா, சின்னம்மா," என்றான் அழகுவேல்.

"செத்தும் இவளுக்குத் தொண்டை கம்மல பாரேன்," என்று சொல்லிவிட்டு வெள்ளத்தாய் ஆடுகளைத் திருப்பிக்கொண்டு போனாள்.

அழகுவேல் மண்டிபோட்டு உட்கார்ந்து, ஒரு வெள்ளைத் துணியால் விமானத்தைத் துடைத்தான். புகைக்குழாயிலிருந்து தெறித்த எண்ணெய் மூக்கிலும் வயிற்றிலும் வழிந்திருந்தது. துடைத்த துணியைப் பார்த்தான். துணியில் வெள்ளி. மூக்கில், இன்ஜினுக்குப் பின்னால், கையகலத்துக்கு வெறும் துணி தெரிந்தது.

"விளக்கெண்ணெய்தானே, அது பெயிண்டை என்னடா செய்யும்?" என்று கேட்டேன்.

"விளக்கெண்ணெய் ஒண்ணுஞ் செய்யாது மாப்ள. கூடக் கலந்திருக்கே மெத்தனால், அந்தச் சாராயம்தான் பெயிண்டைத் திங்கும். எரியாம மிச்சம் வெளிய வந்து, பட்ட எடத்தையெல்லாம் இளக்கிப்புடும். எண்ணெய் அதை அங்கயே பிடிச்சு வச்சுக்கிடும்." துணியை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான். "இத்தனை வருஷம் பையன்களுக்குப் படிச்சுப் படிச்சுச் சொல்லுவேன். பறக்கிறது பெருசில்லடா, பூச்சைக் காப்பாத்தணும்டான்னு."

அவனுக்கு அந்தப் பூச்சு எதற்கு வேண்டும் என்பது ஊருக்கே தெரியும். ஆலையை மூடி, விசாரித்து, திறந்துவிட்டார்கள். மருந்து கலக்கும் இடத்தில் நின்ற தொழிலாளியின் கவனக்குறைவால் உராய்வு உண்டாகி வெடித்தது என்று முடிவாயிற்று. உராய்வு என்ற சொல்லை எங்கள் ஊர்க் குழந்தைகள் அம்மா, அப்பாவுக்கு அடுத்தபடியாகக் கற்றுக்கொள்ளும். மருந்து கலக்கும் இடத்தில் நின்றது சீனிக்கனி. ஏழு பேரையும் வரிசையாக வைத்திருந்த இடத்தில் குருவம்மாளின் புருஷன் பெத்துராஜ், அழகுவேலின் முகத்துக்கு நேராக, "இத்தன வருஷம் செஞ்ச கை. கவனம் வேண்டாமா அந்தக் கைக்கு?" என்று கேட்டான். அழகுவேலின் மகள் முத்தரசிக்குப் பூ வைத்துவிட்டுப் போயிருந்த சாத்தூர்க்காரர்கள், "ஏழு பேரக் கொண்டுபோன வீட்டுல எப்படி..." என்று பாதியில் நிறுத்திக்கொண்டு, மீதியைச் சொல்லவே வரவில்லை. இப்போது சீனிக்கனி அந்தக் காலையை, பஸ் ஏறியதிலிருந்து, ஒன்றுவிடாமல் சொல்ல ஆரம்பித்திருக்கிறாள். அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் வெள்ளி இருக்க வேண்டும். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அடுத்த முறை கண்மாயில் வெள்ளத்தாயோடு நான்கு பேர் நின்றார்கள். அதற்கடுத்த முறை கரை நிறைய ஆட்கள். ஆலைக்கு ஞாயிற்றுக்கிழமைதான் லீவு என்பதால் ஞாயிற்றுக்கிழமை காலை என்று ஆயிற்று. கருவேல முள்ளை வெட்டி ஒதுக்கி உட்கார இடம் செய்தார்கள், குடைகள் வந்தன, பனங்கிழங்கு விற்கிறவன் வந்தான், மைக்செட்காரன் வந்து ஒரு மைக்கைக் கயிற்றில் கட்டி மேலே அனுப்ப முடியுமா என்று கேட்டு வசவு வாங்கிக்கொண்டு போனான். யாரும் இது எப்படி என்று கேட்கவில்லை. வாழ்நாளெல்லாம் சீனிக்கனி தெருமுனையில் நின்று பேசுவதைக் கேட்டவர்கள், இப்போது கொஞ்சம் உயரத்திலிருந்து கேட்கிறோம் என்கிற மாதிரி அண்ணாந்து உட்கார்ந்திருந்தார்கள்.

அவர்கள் வந்தது சீனிக்கனிக்காக மட்டுமல்ல. அவள் பேச்சில் மற்ற ஆறு பேரும் உயிரோடு இருந்தார்கள். ஆவுடைத்தாய் போர்மேனுடைய மீசையைப் பார்த்து, கரிமருந்து தீர்ந்துபோனா இதச் செரைச்சுப் போட்டுக்கலாம்டி என்று சொன்னாள். ஒருத்தி வாயில் வைத்த புளியங்கொட்டையை மதியம்வரை துப்பாமல் வைத்திருப்பதாகப் பந்தயம் கட்டினாள். இன்னொருத்தி மகனுடைய பரீட்சை நினைப்பிலேயே உட்கார்ந்திருந்தாள். இன்ஜின் ஓடுகிறவரை ஊரே வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும், அது நின்றதும், "இன்னிக்கு நம்ம ஆளு வாராளா பாப்போம்," என்று முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்ளும், பேர் வந்த வீட்டார் அன்றைக்கு மற்றவர்களுக்குக் கருப்பட்டி கொடுப்பார்கள்.

பெத்துராஜ் முதலில் கரைக்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலே இருந்து சீனிக்கனி சொன்னாள்: "குருவம்மா எலுமிச்சஞ்சோறு கட்டியாந்திருக்கா. என்னடி உப்பே இல்லங்கேன். அதுக்கு அவ சொல்றா, இருக்கட்டும்க்கா, அந்த மனுசனுக்கும் இதே சோறுதான் வச்சிட்டு வந்திருக்கேன், மத்தியானம் வாயில வச்சதும் மூஞ்சி எப்பிடிப் போகும்னு நெனச்சுப் பாருங்கங்கா." பெத்துராஜ் திரும்பினான். சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பு பாதியில் வேறாக மாறி, அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டான். அந்தச் சோற்றை அவன் சாப்பிடவில்லை. அன்றைக்கு மத்தியானம் அவன் சாப்பிடுகிற மாதிரியா இருந்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் முதல் ஆளாக வந்து, அழகுவேலுக்கு முன்னால் நின்று முள் பொறுக்கினான்.

வெள்ளி போய்க்கொண்டே இருந்தது. மூக்கு போயிற்று, வயிறு போயிற்று, இடது இறக்கையில் பாதி போயிற்று. அழகுவேல் புகைக்குழாயில் ரப்பர் குழாய் மாட்டி வாலுக்குப் பின்னால்வரை நீட்டினான். அப்படியும் காற்று எண்ணெயைத் திருப்பிக் கொண்டுவந்து தடவியது. எரிபொருளே இல்லாமல், தண்ணீர்த் தொட்டி மேல் ஏறிக் கையால் வீசிப் பார்த்தான், பேச்சில்லாமல் இறங்கியது. இன்ஜினைக் கழற்றிவிட்டு பாட்டரி மோட்டார் போட்டுப் பார்த்தான். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. "சூடேறி ஓடி ஓஞ்சாத்தான் பேசுவா," என்றான் என்னிடம். "வீட்டுலயும் அப்பிடித்தான். வேலை முடியாம ஒரு வார்த்த பேசமாட்டா."

ஊர் யோசனை சொல்லியது. மெழுகு தேய்க்கச் சொன்னார்கள், வாழைப்பட்டைச் சாறு பூசச் சொன்னார்கள், முட்டை வெள்ளைக்கரு, அரக்கு, கார்களுக்கு அடிக்கிற கிளியர். ஒவ்வொன்றையும் அவன் வேறு வெள்ளி அடித்த கட்டைத் துண்டுகளில் பூசி, காயவைத்து, மேலே ஒரு சொட்டு எரிபொருள் விட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து பார்ப்பான். கொஞ்ச நேரத்தில் சொட்டின் ஓரம் சுருங்கும், கொப்புளம் மாதிரி எழும்பும், துணியால் தொட்டால் வெள்ளி வரும். அவன் வீட்டு முற்றம் முழுக்கக் கொப்புளம் விட்ட கட்டைகள். முத்தரசி அவற்றைத் தாண்டித் தாண்டி நடந்து, "அப்பா, அம்மாவ அடிக்கடி பேச வைக்காதீக. தொண்டை கட்டிப்போகும்," என்றாள். அவள் ஒரு நாளும் கண்மாய்க்கு வரவில்லை.

சீனிக்கனி மெதுவாகத்தான் சொன்னாள். மருந்து சலித்ததைச் சொன்னாள், மேடையில் வெயில் விழுந்ததைச் சொன்னாள், வெயிலைப் பற்றியே ஒரு வாரம் சொன்னாள். அழகுவேல் கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு, "சீக்கிரம் சொல்லு சீனி, சீக்கிரம்," என்று முணுமுணுப்பான். புருஷன் அவசரப்படுத்தினால் இன்னும் நிதானமாகப் பேசுகிற பழக்கம் அவளுக்கு முன்பே உண்டு. ஆனாலும் காலை ஏறிக்கொண்டுதான் இருந்தது. டீ வருகிற நேரம் நெருங்க நெருங்க, கரையில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் சொன்னது இது:

"டீ வந்துருச்சு. இன்னிக்கு என்ன அதிசயமோ, இஞ்சி தட்டிப் போட்டிருக்கான். ஆவுடை வடைய ரெண்டாப் பிச்சு எனக்குப் பெரிய பாதியத் தந்தா. வேணாம்டின்னேன். தின்னுங்கக்கா, நாளைக்கு நீங்க தருவீகள்லன்னா. எல்லாரும் சிரிச்சோம். போர்மேன் வந்து, எம்மா, எந்திரிங்கம்மா, மணியாச்சுன்னாரு. சரின்னு டம்ளரக் கவுத்து வச்சு, சேலைய உதறிட்டு எந்திரிச்சேன். எந்திரிச்சு மருந்து ரூமு பக்கமாத் திரும்புறேன், அங்க..."

விமானம் தரையைத் தொட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை. அழகுவேல் ஓடிப்போய்த் துடைத்தான். வலது இறக்கையில் மட்டும்தான் வெள்ளி மிச்சம், அதிலும் ஓரங்கள் தேய்ந்திருந்தன.

"அங்க யாரோ நின்னிருக்காக," என்றான். "மாப்ள, கேட்டேல்ல? அங்கன்னா. அவளுக்கு முன்னாலயே அங்க ஆள் இருந்திருக்கு. இல்ல, எதையோ வச்சிருக்கு. அடுத்த வாரம் சொல்லிருவா."

"அடுத்த வாரம் வேண்டாம்ணே," என்றான் பெத்துராஜ்.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் சொல்ல நினைத்ததைத்தான் அவர்களும் நினைத்திருந்தார்கள் என்பது, யாரும் ஏன் என்று கேட்காததிலிருந்து தெரிந்தது.

"அவுக சொல்லி முடிச்சாகன்னா எங்க ஆளுக இன்னொரு தடவ சாவாக," என்றான். "ஒரு தடவ எடுத்துப்போட்டாச்சு. திரும்பவும் எடுத்துப்போட எனக்குத் தெம்பில்ல. டீயோட நிக்கட்டும்ணே. சிரிச்சிக்கிட்டு இருக்காக, அதோட நிக்கட்டும்."

"எனக்கு யாரு கை பட்டுச்சுன்னு தெரியணும் பெத்து."

"தெரிஞ்சு?"

"அவ பேரு மேல இருக்கிறது போகும்."

"இப்ப யாரு அவுகளச் சொல்றா? நான் சொன்னேன், ஒத்துக்கிடுதேன், அன்னிக்குப் புத்தி பெரண்டு சொன்னேன். இப்ப ஊரே வந்து உக்காந்து அவுக பேச்சத்தான் கேக்கு. நாங்க எல்லாரும் மன்னிச்சாச்சுண்ணே."

அழகுவேல், "மன்னிக்கணும்னா அவ செஞ்சிருக்கணும்ல?" என்றான்.

வெள்ளத்தாய்தான், "சண்டை எதுக்குய்யா? மொதல்ல இருக்கிற வெள்ளியக் காப்பாத்துங்க. பேச்சு நின்னாலும் வேணும், நடந்தாலும் வேணும்," என்றாள். அது இரண்டு பக்கத்துக்கும் சரியாகப் பட்டது. அவனுக்கு அவள் முடிக்கிறவரை வெள்ளி இருக்க வேண்டும். அவர்களுக்கு அவள் என்றைக்கும் முடிக்காமல் வெள்ளி இருக்க வேண்டும். ஆக, காப்பாற்ற வேண்டும் என்பதில் ஊரில் எல்லோரும் ஒரே கட்சியானார்கள்.

எங்கள் பக்கத்தில் எதையாவது அழியாமல் வைக்க வேண்டும் என்றால் நினைவுக்கு வருவது ஒன்றுதான். ஊரில் பாதிப்பேர் ஆலைக்குப் போகிறார்கள், மீதிப்பேர் அச்சாபீசுக்குப் போகிறார்கள், காலண்டர் அடிக்கிறார்கள். முருகனும் லட்சுமியும் சாயம் போகாமல் வருஷம் முழுக்க வெயிலிலும் அடுப்புப் புகையிலும் சுவரில் நிற்பது வார்னிஷால்தான் என்று எல்லோருக்கும் தெரியும். சிதம்பரம் அண்ணாச்சியின் அச்சாபீசில் புதிதாக ஒரு வார்னிஷ் வந்திருந்தது. பூசி, ஊதா விளக்குக்குக் கீழே காட்டினால் கண் மூடித் திறப்பதற்குள் கண்ணாடி மாதிரி இறுகிவிடும். அழகுவேல் அதை ஒரு கட்டையில் பூசி வாங்கிவந்து எரிபொருள் விட்டான். சொட்டு அப்படியே முத்தாக நின்றது. மறுநாளும் நின்றது. கட்டையைச் சாய்த்தான், உருண்டு விழுந்தது. துடைத்த துணியை எல்லோரிடமும் காட்டினான். வெள்ளைத் துணி வெள்ளையாகவே இருந்தது. அவன் அழுததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன், சந்தோஷத்தில்.

விமானத்தை அச்சாபீசுக்குக் கொண்டுபோனோம். இறக்கையைக் கழற்றி, பிள்ளையைக் குளிப்பாட்டப் போடுகிற மாதிரி மேஜை மேல் போர்வை விரித்துப் படுக்கவைத்தோம். வார்னிஷ் டப்பாவில் எழுதியிருந்தது ஆங்கிலத்தில் இருந்ததால் என்னை வாசிக்கச் சொன்னார்கள். வெயில், தண்ணீர், எண்ணெய், சாராயம் எதுவும் உள்ளே போகாது, உள்ளே இருப்பது எதுவும் வெளியே வராது என்று வாசித்துச் சொன்னேன். "அதான் வேணும்," என்றார்கள் எல்லோரும்.

அண்ணாச்சி கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டு, "தம்பி, அடியில இருக்கிறது நல்லாக் காஞ்சிருச்சா?" என்று கேட்டார். "ஈரத்து மேல இத அடிச்சம்னா, மை எந்த நெலையில இருக்கோ அந்த நெலையிலயே நின்னுபோகும். பெறகு ஆண்டவனே வந்தாலும் காயாது."

அழகுவேல் இறக்கையை விரலால் தொட்டுப் பார்த்தான். விரலைப் பார்த்தான். "காஞ்சு எத்தனையோ மாசமாச்சு அண்ணாச்சி," என்றான்.

அடித்தார்கள். விளக்கைக் காட்டினார்கள். மிச்சமிருந்த வெள்ளி, லட்சுமியின் கிரீடம் மாதிரி ஜொலித்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கண்மாயில் இடமில்லை. பக்கத்து ஊர்களிலிருந்துகூட வந்திருந்தார்கள். விமானம் எழும்பி, வட்டமடித்து, எண்ணெய் கக்கி, ஓய்ந்து, சறுக்க ஆரம்பித்தது. அழகுவேல் ரிமோட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அண்ணாந்தான். பெத்துராஜ் காதைப் பொத்திக்கொள்ளத் தயாராகக் கைகளைத் தூக்கினான்.

"டீ வந்துருச்சு," என்றாள் சீனிக்கனி. "இன்னிக்கு என்ன அதிசயமோ, இஞ்சி தட்டிப் போட்டிருக்கான்."

வடை பிய்ந்தது, சிரித்தார்கள், போர்மேன் வந்தார், டம்ளர் கவிழ்ந்தது. "எந்திரிச்சு மருந்து ரூமு பக்கமாத் திரும்புறேன், அங்க..." விமானம் இறங்கியது.

போன வாரத்தை ஞாபகப்படுத்துகிறாள் என்று அழகுவேல் நினைத்தான். அதற்கடுத்த வாரம், "டீ வந்துருச்சு," என்றாள். அதற்கடுத்த வாரமும். அதே இடத்தில் அதே சின்னச் செருமல், "வேணாம்டி"யில் அதே இழுப்பு. எண்ணெய் பூச்சின் மேல் முத்து முத்தாக நின்று உருண்டு விழுந்தது. துணி வெள்ளையாகவே வந்தது.

ஊருக்கு நிம்மதி ஆயிற்று. நல்ல இடமாகப் பார்த்து நின்றுவிட்டது என்றார்கள். விமானத்தை வீட்டில் வைத்தால் ஏதாவது செய்துவிடுவான் என்று, மரியாதையாகப் பேசி, சமுதாயக் கூடத்தில் கண்ணாடி பீரோ செய்து அதில் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறந்து கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் அந்தப் பேச்சு எல்லோருக்கும் மனப்பாடம் ஆயிற்று. "வேணாம்டின்னேன்" என்று மேலே அவள் சொல்லும்போதே கீழே பெண்கள் சேர்ந்து சொன்னார்கள். "நாளைக்கு நீங்க தருவீகள்ல" என்ற இடத்தில் வெள்ளத்தாய் தனியாக, மருமகளுடைய குரலிலேயே சொன்னாள். வேறு ஊரிலிருந்து புதிதாக வந்த போர்மேன்கூட ஆலையில் பெண்களை எழுப்பும்போது அதே வார்த்தைகளைச் சொல்கிறார் என்றார்கள். "எந்திரிச்சேன்" வந்ததும் கூட்டமும் எழுந்திருக்கும். சேலையை உதறி, குடையை மடக்கி, பிள்ளைகளைக் கூப்பிட்டு, ஒருவருக்கொருவர் போயிட்டு வாறேன் சொல்லி, அந்த இரைச்சலில் அதற்குப் பிறகு அவள் சொன்ன அந்த "அங்க" யார் காதிலும் விழாமல் போயிற்று.

வெள்ளி கரையாமல் அவள் பேச்சு நகராது என்று தெரிந்ததும் அழகுவேல் அண்ணாச்சியிடம் போனான். "இத எடுக்கிறதுக்கு என்ன இருக்கு?"

"இருந்தா எங்களுக்கு ஏன் தம்பி இந்தப் பெயரு? போகக்கூடாதுன்னுதான அடிக்கிறது."

"உப்புத்தாள் போட்டா?"

"வார்னிசு மொத்தம். ஓம் பூச்சு மெலிசு. மேல இருக்கிறது போறதுக்குள்ள கீழ இருக்கிறது போயிரும்." அண்ணாச்சி அவன் தோளில் கை வைத்தார். "நல்லாத்தான பேசிக்கிட்டிருக்கு. விட்டுரு."

தை பிறந்ததும் முத்தரசிக்கு வேறு இடம் வந்தது. கோவில்பட்டிக்காரர்கள், நல்ல குடும்பம். அவர்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்மாய்க்கு வந்து கேட்டுவிட்டு, நெகிழ்ந்துபோய், வீட்டில் உட்கார்ந்து காபி குடிக்கும்போது மாப்பிள்ளையின் அப்பா பெருந்தன்மையாகச் சொன்னார்: "நாங்க அதையெல்லாம் பாக்கிறவுக இல்லங்க. பாவம், தெரியாமப் பட்ட கைதான. வேணும்னா செஞ்சாக?" முத்தரசி காபித் தட்டோடு அப்பாவைப் பார்த்தாள். அழகுவேல் தலையை ஆட்டினான், ஆமாம் என்பதுபோலவும் இருந்தது, இல்லை என்பதுபோலவும் இருந்தது. கல்யாணத்துக்கு நாள் குறித்தார்கள்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை விமானம் இறங்கி, கூட்டம் கலைந்து, கண்மாயில் பனங்கிழங்குத் தோலும் அழகுவேலும் பெத்துராஜும் நானும் மட்டும் இருந்தபோது, அழகுவேல் எரிபொருள் கேனைத் திறந்தான். பறக்கவிடுவதற்கு முன்னால் குழாய் வைத்துச் சொட்டுச் சிந்தாமல் நிரப்புகிறவன், ஒரு சொட்டு இறக்கையில் பட்டாலும் பதறித் துடைக்கிறவன், கேனை அப்படியே கவிழ்த்து அந்த வலது இறக்கை மேல் ஊற்றினான். மெத்தனால் வாசனை மூக்கில் ஏறியது. ஊற்றிவிட்டு உள்ளங்கையால் தேய்த்தான், குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி முதலில் மெதுவாக, பிறகு முழங்கை வலிக்கத் தேய்த்தான்.

"தின்னு," என்றான் எண்ணெயைப் பார்த்து. "அத்தன நாளும் தின்னேல்ல? இப்பவும் தின்னு. ஒரு பொட்டுத் தின்னு போதும்."

எண்ணெய் முத்து முத்தாகத் திரண்டு, வெயிலில் மின்னி, இறக்கை ஓரத்துக்கு உருண்டு, கரம்பை மண்ணில் விழுந்து ஊறிப்போயிற்று. பெத்துராஜ் பக்கத்தில் வந்து குந்தினான். கேன் காலியாகிறவரை அவனைத் தடுக்கவில்லை. பிறகு தன் தோளில் கிடந்த துண்டை, அன்றைக்குத்தான் துவைத்த வெள்ளைத் துண்டை, எடுத்து நீட்டினான்.

அழகுவேல் வாங்கி, இறக்கையை உடல் பக்கத்திலிருந்து நுனிவரைக்கும் ஒரே இழுப்பாகத் துடைத்தான். துண்டை விரித்துப் பார்த்தான். திருப்பி, மறுபக்கத்தையும் பார்த்தான். எண்ணெய் மட்டும்தான் இருந்தது, வெள்ளி இல்லை.

"நல்லாப் பிடிச்சிருக்குண்ணே," என்றான் பெத்துராஜ், அன்பாக.